திரிபோஷா வராத மாதங்கள்

இலங்கையின் பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் மட்டக்களப்பு முனையில், 2009இல் முடிந்த போரின்போதும் அதன் பின்னரும் வெளிநாட்டு நிவாரண அமைப்புகள் பல பணியாற்றின. அதே சாலையின் மலைத் தேயிலைத் தோட்டங்களோ, தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயல் பதுளை நகரையும் விட்டுவைக்காதபோதிலும், போர்க்களம் அல்ல என்பதால் அவ்வுதவியின் ஓரத்திலேயே நின்றன. அங்குள்ள பெண்களிடம் நிலையாக வந்து சேர்ந்த உதவி, நிவாரணம் என்று எவரும் எண்ணாத ஒரு மாவுப் பொதியாகும்.

சோளமும் சோயாவும் விற்றமின்களும் தாதுப்புகளும் சேர்ந்த திரிபோஷா, 1973இல் அமெரிக்க உதவியுடனும் கெயார் நிறுவனத்தின் துணையுடனும் தொடங்கிய சத்துணவுத் திட்டம்; உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்த காலமும் அதை ஒட்டியதே. இன்று ஜா-எலவில் அரச நிறுவனம் தயாரிக்கும் இம்மாவை, மக்கள் மிட்வைஃப் என்றழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர், கிளினிக்கில் கர்ப்பிணிக்கு மாதம் 750 கிராம் பொதிகள் இரண்டாக வழங்குகிறார். ஓர் உடலுக்கெனக் கணக்கிட்ட அந்த அளவு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்ந்து உருண்டையாகிப் பிள்ளைகள் அனைவருக்கும் பங்காகிறது. இதைத் தாயின் அறியாமை என்பவர்கள், பசித்த பிள்ளையின் முன் அவள் தனியே உண்ண வேண்டும் என்கிறார்கள்.

2021இன் இரசாயன உரத் தடையால் விளைச்சல் குன்றியதும், 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியும் சேர்ந்து சோளத்தை அரிதாக்க, திரிபோஷா உற்பத்தியும் தடைப்பட்டது. லுணுகலையிலிருந்து இறங்கினால் வரும் மொனராகலை மாவட்டம் சோளத்துக்குப் பேர்போனது என்பதுதான் இதில் கசப்பு. 2022 மே மாதம் தமிழ்நாட்டு அரசின் அரிசியும் பால்மாவும் மருந்துகளும் கப்பலில் கொழும்புக்கு வந்தன. ஜூனில் ஐக்கிய நாடுகள் சபை 17 இலட்சம் பேருக்காக 4.72 கோடி டொலர் கோரியது. பெண்களின் மகப்பேற்று நலனைக் கவனிக்கும் அதன் சனத்தொகை நிதியம் 1.07 கோடி டொலர் கேட்டது.

பொருள் லுணுகலை வரை வந்தாலும், தோட்டத்து மேட்டுக்கு அது ஏறுவது வேறொரு கணக்கைப் பொறுத்தது. நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுத்தவளுக்கே முழு நாட்சம்பளமான ‘பேர்’ விழும், குறைந்தால் ‘அரைப்பேர்’, வேலைக்கு வராவிட்டால் அதுவுமில்லை. ஆகவே இரத்தச்சோகைப் பரிசோதனைக்காக வேலைநாளில் கீழிறங்கும் கர்ப்பிணி, ஆட்டோக் கூலியோடு ஒரு பேரையும் இழக்கிறாள். பிள்ளைக்காம்பரா எனப்படும் தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்திலேயே, மாலையில் கொழுந்து நிறுத்த பின் கிளினிக் நடக்குமாயின், அதே மாவு அவளுக்கு ஒரு நாட்சம்பளம் மலிவாகக் கிடைக்கும்.