எழுந்தா... சுத்துதா?

விடிய விடிய படிச்சுட்டு, தண்ணிகூட குடிக்காம, முதல் பீரியடுக்குக் கட்டில்ல இருந்து துள்ளி எழுந்தா கண்ணு இருட்டி, தலை கிர்ர்ர்னு சுத்துதா? விஷயம் இதுதான் பாஸ்!

எழுந்து நின்னதுமே புவியீர்ப்பால அரை லிட்டருக்கு மேல ரத்தம் கால், வயித்துப் பக்கம் இறங்கிடும். இதயத்துக்குத் திரும்புற ரத்தம் குறையும், பிரஷர் சரியும். கழுத்துத் தமனியில இருக்கிற 'சென்சார்'கள் மூளைக்குத் தகவல் தட்ட, இதயம் வேகமா துடிக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும். சில நொடியில எல்லாம் நார்மல். நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல வர்ற அதே ஃபீட்பேக் லூப்!

உடம்புல தண்ணி குறைஞ்சாலோ, காய்ச்சல், வயித்துப்போக்கு வந்தாலோ இந்த லூப் திணறும். நின்ன 3 நிமிஷத்துக்குள்ள பிரஷரோட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 புள்ளி இறங்கினா, டாக்டர்கள் அதைத் தனிப் பிரச்னையாவே பார்க்கிறாங்க.

சுத்துனா ஹீரோயிசம் வேணாம், அப்படியே உட்கார்ந்துடுங்க. விழுந்து அடிபடுறதுதான் பெரிய ஆபத்து. எழறதுக்கு முன்னாடி காலைத் தொங்கப்போட்டுப் பாதத்தை ஆட்டுங்க. கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுற பம்ப். நிறைய தண்ணி குடிங்க.

அடிக்கடி சுத்துதா, மயங்கியே விழுந்துட்டீங்களா? 'சாப்பிடாததால'ன்னு நீங்களே தீர்ப்பு சொல்லாம டாக்டரைப் பாருங்க. ரத்தசோகையாவும் இருக்கலாம். கேர்ள்ஸ், ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்தாச்சா?