பிரெஸ்ரன் நகரத்து மகளிர் கழகம்

இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் மான்செஸ்ரர், லிவர்பூல், ஆர்செனல் என்னும் பெயர்களைக் கூறி அமைந்துவிடுவர். ஒரே நாளில் 53,000 மக்களைத் திரட்டிய கழகமொன்று, மறுவருடமே மைதானங்களினின்றும் வெளியேற்றப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. அது மகளிர் கழகம்.

முதலாம் மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆடவர் போர்முனைக்குச் செல்ல, அவர்கள் விட்டுச்சென்ற தொழில்களைப் பெண்கள் ஏற்றனர். லங்காஷயரைச் சேர்ந்த பிரெஸ்ரன் நகரிலே ட்றாம் வண்டிகள் முதலியவற்றைச் செய்துவந்த டிக், கெர் கம்பனியின் தொழிற்சாலையும் பீரங்கிக் குண்டுகள் செய்யும் நிலையமாக மாறிற்று. ஓய்வு வேளைகளில் அதன் முற்றத்திற் பந்துதைத்துப் பழகிய பெண்களே பின்னர் ஓர் அணியாயினர். காயமுற்ற போர்வீரருக்காகக் கச்சேரியொன்று நடத்திப் பணம் சேர்த்துத் தருமாறு வைத்தியசாலையார் கேட்க, கச்சேரி எதற்கு, உதைபந்தாட்டமே நடத்துவோம் என்று கிரேஸ் சிபேட் என்னும் தொழிலாளி கூறினார் என்பர். 1917ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று டீப்டேல் மைதானத்தில் 10,000 பேர் கூடினர். டிக், கெர் மகளிர் நான்கு கோல்களால் வென்றனர். தொழிற்சாலையின் அலுவலக ஊழியரான அல்பிரட் பிராங்லண்ட் அணியின் நிர்வாகத்தை ஏற்றார்.

யுத்தம் முடிந்ததும் பெண்கள் தொழிற்சாலைகளை விட்டு அடுக்களைக்குத் திரும்பவேண்டும் என்பது அந்நாட்டின் பொது எண்ணம். இவர்களோ ஆட்டத்தை விடவில்லை. 1920இல் பிரான்சிலிருந்து வந்த மகளிர் அணியோடு ஆடினர். தாமும் பிரான்சுக்குச் சென்று வந்தனர். அவ்வாண்டு டிசம்பரில், இராணுவத்தாரின் தேடொளி விளக்குகளை இரவல் வாங்கி, பந்துக்கு வெள்ளை பூசி, இரவிலும் ஓர் ஆட்டம் நடத்தினர்.

அதே டிசம்பர் 26ஆம் தேதியே அவர்களது பெருநாள். லிவர்பூலில், எவர்ட்டன் கழகத்தாரின் குடிசன் பார்க் மைதானத்தில், சென் ஹெலன்ஸ் மகளிரை எதிர்த்து ஆட்டம். உள்ளே 53,000 பேர். இடமின்றி வெளியே நின்றோர் 10,000க்கும் மேல். முன்னணி ஆட்டக்காரியான புளோரி ரெட்போர்ட் புகையிரதத்தைத் தவறவிட்டு வந்து சேரவில்லை. முதற்பாதியில் கிடைத்தது ஒரே கோல். இடைவேளைக்குப் பின், காவல் வரிசையில் நின்ற தலைவி அலிஸ் கெல் முன்வரிசைக்கு மாறினார்; மாறியவர் மூன்று கோல்களை அடித்தார்! தருமத்துக்காகச் சேர்ந்த பணம் 3,115 பவுண்.

இவ்வெற்றியே வினையாக வந்தது. 1921ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி, இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் கூடி, தன்னைச் சார்ந்த கழகங்கள் மகளிர் ஆட்டத்துக்கு மைதானம் கொடுத்தலாகாது எனத் தீர்மானித்தது. சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்பது. வைத்தியர் சிலரும் இதற்குச் சான்று கூறினர். பீரங்கிக் குண்டு செய்தபோது கைகளுக்கு வராத கேடு, பந்துதைத்த கால்களுக்கு மட்டும் வந்துவிட்டது போலும்! மற்றது, சேர்ந்த பணத்திற் பெரும்பங்கு செலவிற் போகின்றது என்பது. ஆட்டக்காரிகள் பெற்றது, இழந்த வேதனத்துக்கு ஈடாக ஆட்டமொன்றுக்குப் பத்து ஷில்லிங் மாத்திரமே.

சொல்லாத காரணங்களும் இருந்தன என்றே கருத இடமுண்டு. ஆடவர் கழகங்கள் அப்போது புதிய பிரிவுகளை அமைத்து விரிந்துகொண்டிருந்தன. வாயிற்பணம் வேறிடம் செல்வதை அவை விரும்பியிரா. அன்றியும், 1921இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையிழந்து வாடியபோது அவர்தம் குடும்பங்களுக்காகவும் மகளிர் ஆடினர். போர்வீரருக்கு ஈந்தபோது புகழ்ந்தோர் எல்லோரும் இதனையும் புகழ்ந்திருப்பர் என்று சொல்வதற்கில்லை.

தடை ஆட்டத்தைக் கொல்லவில்லை. அதை ஒதுக்குப்புறத்துக்குத் தள்ளிற்று. பெரிய அரங்குகளை இழந்தவர்கள் திறந்த வெளிகளில் ஆடினர். 1922இல் கனடாவுக்குக் கப்பலேறினர். அங்கும் தடை காத்திருந்தது. ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று ஆடவர் அணிகளோடு மோதினர். தொழிற்சாலையின் புதிய நிர்வாகத்தோடு பிணக்கு நேரவே, 1926இல் பிரெஸ்ரன் மகளிர் எனப் பெயர் மாறிற்று.

இத்தனைக்கும் ஊடாக நின்று ஆடியவர் லில்லி பார். 1905இல் சென் ஹெலன்சிற் பிறந்து, 1920இல் கழகத்திற் சேர்ந்த சிறுமி. நெடிய உருவம், அவரது இடக்காலின் வலிமையைப் பற்றி வழங்கும் கதைகள் அநேகம். மனநோய் வைத்தியசாலையொன்றில் தாதியாக வேலைபார்த்துக்கொண்டே 1951வரை ஆடினார். 2002இல் இங்கிலாந்தின் உதைபந்தாட்டப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதற் பெண்மணி இவரே. 2019இல் மான்செஸ்ரரிலுள்ள தேசிய உதைபந்தாட்ட நூதனசாலையில் இவருக்குச் சிலையும் எழுப்பப்பட்டது.

கழகமோ 1965இல், போதிய ஆட்டக்காரிகள் இன்றிக் கலைந்தது. தடை நீங்கியது 1971இல். சங்கத்தார் மன்னிப்புக் கோரியது 2008இல். லில்லி பார் இறந்து அப்பொழுது முப்பது வருடங்கள் ஆகியிருந்தன.