குதிரை வண்டியில் தங்கும் அறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குதிரைகளைப் போட்டிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் மோட்டார் லாரியின் பின்னே இணைத்த டிரெய்லரில் ஏற்றிச் செல்வோர் பலர், அதன் முன்பாகத்தில் தாங்கள் தங்குவதற்கும் ஓர் அறை அமைத்துக்கொள்ளுகின்றனர். இவ்வறையைத் திட்டமிடுவோர் முதலில் கருதவேண்டியது வசதியன்று, பாரமே. வண்டி தாங்கக்கூடிய மொத்த எடையினின்று வெறும் வண்டியின் எடையையும், குதிரை ஒன்றுக்குச் சுமார் 500 கிலோவையும், தீவனத்தின் எடையையும் கழித்து எஞ்சுவதே மனிதருக்குரிய பங்கு. 200 லிட்டர் தண்ணீர் மட்டுமே 200 கிலோ ஆகும். ஆதலின் தொட்டியை அச்சுக்கு அருகில், பாரம் ஒருபுறம் சாயாதவாறு வைத்தல் வேண்டும்.

வாத்தின் கழுத்தைப்போல் வளைந்து லாரியின்மேல் நீளும் முன்மேடை படுக்கைக்கு ஏற்றது. பகலில் ஆசனமாகும் பெட்டியே ஸாமான் வைக்கவும் உதவும். காஸ் அடுப்பு உள்ள இடத்தில் காற்றோட்டம் இன்றியமையாதது. நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு உறங்குவோரை உணர்த்தாமலே கொல்லும்.

தரையில் சுண்ணாம்பினால் முழு அளவில் கோடிட்டு, படுக்கையை விரித்த பின்னும் கதவுக்கு வழியுண்டா என நடந்து பார்த்த பிறகே பலகையை அறுத்தல் நலம். கணக்கிற் பிழை நேரின், மனிதரோடு வாயில்லாப் பிராணிகளும் ஆபத்துக்குள்ளாகும்.