ஆர்.வி.யில் அடுப்பு: முதலில் ஜன்னலைத் திறங்கள்

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் பல. அரிசி, பருப்பு, குக்கர், அஞ்சறைப்பெட்டி எல்லாம் வண்டியில் ஏறிவிடும். உள்ளே இருக்கும் அடுப்பும் பார்ப்பதற்கு வீட்டுக் கேஸ் அடுப்பு மாதிரியேதான் இருக்கும். ஆனால் அதை வீட்டு அடுப்பாக நினைத்துப் புழங்கக் கூடாது. ஏன் என்று புரிந்துவிட்டால் பாதி ஆபத்து விலகிவிடும்.

ஆர்.வி.யில் பெரும்பாலும் நான்கு சாதனங்கள் புரொப்பேன் வாயுவில் ஓடுகின்றன: ஹீட்டர், வெந்நீர் பாய்லர், ஃபிரிட்ஜ், அடுப்பு. முதல் மூன்றும் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே விடுமாறு அமைக்கப்பட்டவை. அடுப்பு மட்டும்தான் நீங்கள் மூச்சுவிடும் அதே காற்றில் எரிந்து, கழிவையும் அதே காற்றில் கலக்கிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிய 3.6 கிலோ ஆக்சிஜன் வேண்டும். எரிந்து முடிந்தால் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 1.6 கிலோ நீராவியும் கிடைக்கும். வீட்டில் இது பல அறைகளுக்குப் பரவிப்போகும். ஆர்.வி.யில் இருப்பது ஒரு படுக்கையறை அளவு காற்றுதான். குளிருக்காக எல்லாவற்றையும் இறுக மூடியிருப்போம்.

அதனால்தான் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கூரையில் உள்ள காற்றுப்போக்கியைத் திறந்து ஃபேனைப் போட வேண்டும். ஒரு ஜன்னலையும் சற்றுத் திறக்க வேண்டும். இரண்டும் வேண்டும். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி இல்லாவிட்டால் ஃபேன் சுற்றியும் பலனில்லை.

ஆக்சிஜன் குறையும்போது வாயு முழுதாக எரியாது. அப்போது உருவாவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி, தலைசுற்றல் ஆகியவை முதல் அறிகுறிகள். நாள் முழுக்க வண்டி ஓட்டி வந்தவருக்கு இவை எல்லாம் பயணக் களைப்பாகவே தோன்றும். என் மனதுக்கு இதுதான் மிகவும் பயம் தருவது. அடுப்பு எரியும்போது இருவருக்கு ஒரே சமயத்தில் தலை வலித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். வந்ததும் அவசர உதவியை அழையுங்கள்.

தீயின் நிறத்தைக் கவனியுங்கள். நீலமாக எரிந்தால் சரி. மஞ்சளாக நாக்கு நீட்டினால் காற்று போதவில்லை அல்லது பர்னர் அடைத்திருக்கிறது. இரண்டு பர்னரையும் மூடும் அகலமான தோசைக்கல்லும் பெரிய அண்டாவும் தீயை மூச்சுத் திணற வைக்கும். ஆர்.வி. அடுப்புகள் சிறிய பாத்திரங்களுக்காகச் செய்யப்பட்டவை. பருப்புக்குக் குக்கர் நல்லது: யெல்லோஸ்டோன் ஏரிப் பக்கம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் அடுப்பு எரிய வேண்டியிருக்கும்.

ஜூலையிலும் அங்கே இரவில் கடுங்குளிர் அடிக்கலாம். ஹீட்டர் மக்கர் செய்தால் அடுப்பை ஏற்றிவைத்துக் குளிர்காயத் தோன்றும். கூடவே கூடாது. அடுப்பின் அருகே ஒட்டியிருக்கும் எச்சரிக்கையிலும் இதுவே எழுதியிருக்கும். கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆபத்து கசிவு. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கொட்டிய தண்ணீரைப் போலத் தரையோடு பரவி, கட்டிலடியிலும் அலமாரியடியிலும் தேங்கும். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேலே போனாலே ஒரு பொறியில் பற்றிவிடும். கேஸ் அலாரத்தைத் தரைக்கு அருகில் பொருத்தியிருப்பது அதனால்தான். அதன் முன்னால் பையையோ செருப்பையோ குவிக்காதீர்கள். பல வண்டிகளில் அது வண்டியின் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், பேட்டரி தீர்ந்தால் அலாரமும் ஊமைதான். வாடை வந்தால் தீயை அணையுங்கள், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், ஃபேன் ஸ்விட்சையும்கூட. எல்லோரும் இறங்கிய பிறகு வெளியில் உள்ள சிலிண்டர் வால்வை மூடுங்கள். கசியும் இடத்தைச் சோப்புத் தண்ணீரால் பார்க்கலாம். தீக்குச்சியால் ஒருபோதும் கூடாது.

சிலிண்டரின் இடம் எப்போதும் வெளியில்தான். உபரியாக ஒன்றை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வது பெரிய தவறு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம்; விதியை மீறி அந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது.

சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறங்கள். சடாரென்று திறந்தால் குழாய் அறுந்துவிட்டதாகக் கொண்டு, இணைப்பில் உள்ள பாதுகாப்பு அமைப்பு வாயுவைக் குறைத்துவிடும். அடுப்பில் தீ சோம்பலாக எரியும். எல்லாவற்றையும் மூடி, சற்றுப் பொறுத்து, மறுபடி மெல்லத் திறந்தால் சரியாகும். பற்றவைக்கும்போது லைட்டர் முதலில், நாப் பிறகு. சில நொடிகளில் பிடிக்காவிட்டால் மூடிவிட்டு, வாயு கலைய ஐந்து நிமிடமாவது விடுங்கள். அடுப்பின் மேல் கண்ணாடி மூடி இருந்தால் சூடு ஆறிய பிறகே மூட வேண்டும், இல்லையேல் வெடித்துச் சிதறும்.

நம் சமையலுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. மிளகாய் வற்றல் தாளித்தால் புகை அலாரம் அலறும். அலறலைப் பொறுக்காமல் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, இரவில் திரும்பப் போட மறந்தே தூங்கிவிடுவார்கள். தாளிப்பையும் பொரியலையும் முகாமின் வெளி மேசையில், தனி அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கரடி நடமாடும் இடமென்றால் முடிந்த கையோடு எல்லாவற்றையும் துடைத்து உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்கட்டும். பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் ஃபிரிட்ஜ், பாய்லர் உட்பட எரியும் எல்லாவற்றையும் அணையுங்கள். வழியில் வரும் சுரங்கப் பாதைகளின் விதியையும் பாருங்கள்: பால்டிமோர் துறைமுகச் சுரங்கப் பாதையில் ஒரு சிலிண்டரில் 10 பவுண்டுக்கு மேல் புரொப்பேன் கொண்டுபோகத் தடை, ஆர்.வி. சிலிண்டர்களோ பெரும்பாலும் 20 பவுண்டிலிருந்தே தொடங்குகின்றன. சுற்றுவழியை முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

சில சோதனைகளை வண்டியை வாடகைக்கு எடுக்கும் இடத்திலேயே முடித்துவிடலாம். புகை, கேஸ், கார்பன் மோனாக்சைடு ஆகிய மூன்று அலாரங்களையும் அழுத்திச் சோதியுங்கள்; கேஸ் அலாரத்தில் அச்சிட்ட தேதி ஐந்தாறு ஆண்டுக்கு முந்தையதென்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். தீயணைப்பான் கதவருகே இருக்கிறதா, முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, சிவப்புக் கைப்பிடி உள்ள அவசர ஜன்னலை அவர்கள் கையாலேயே ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள்.