எரிமலைப் பாறையில் தங்கம் சேர்ந்த விதம்

திருவனந்தபுரத்தை அடுத்த ஆக்குளத்தில் 1978இல் கேரள அரசு தொடங்கிய புவி அறிவியல் ஆய்வு மையம், 2014 முதல் மத்திய அரசின் தேசிய மையமாக இயங்கி வருகிறது. வயநாட்டுத் தங்கம் எவ்வாறு தோன்றியது என்பதை இம்மைய அறிவியலார் ஆராய்ந்தபோது, தங்கத்தைக் காட்டிலும் அதைத் தாங்கி நின்ற வெங்கச்சங்கல்லையே, அதாவது குவார்ட்சையே, கூர்ந்து நோக்கினர்.

குவார்ட்சுப் படிகம் வளரும்போது, தன்னைச் சூழ்ந்திருந்த நீரிலும் வாயுவிலும் நுண்துளிகளைத் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கிறது. கல்லை மெல்லிய வில்லையாகத் தேய்த்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், துளியும் அதனுள் குமிழியும் புலப்படும். வில்லையைச் சிறிது சிறிதாகச் சூடேற்ற, ஒரு வெப்பநிலையில் குமிழி மறைந்துவிடும். படிகம் உருவான காலத்தில் குறைந்தது அவ்வளவு வெப்பமேனும் இருந்திருத்தல் வேண்டும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய வெந்நீருக்கு இதனினும் நேரடியான சான்று கிடைப்பது அரிது.

வயநாட்டுப் பாறைகள் பெரிதும் உருத்திரிந்தவை. அவற்றின் பூர்வ நிலை எளிதில் விளங்காது. வெந்நீர் எரிமலைப் பாறையை என்ன செய்தது என்பதை அறியக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலே தக்க இடமாகும். ஏறத்தாழ 80 கி.மீ. நீளமும் சில கி.மீ. அகலமும் கொண்ட அப்பாறைத் தொடர், சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் பீறிட்ட எரிமலைக் குழம்பாகும். நீரில் பட்டு உறைந்த குழம்பு தலையணைகளை அடுக்கினாற்போன்ற வடிவம் பெறும்; அவ்வடிவம் அங்குச் சில இடங்களில் அழியாமல் உள்ளது.

பின்னர் நிலம் நெரிந்து பிளவுபட்டபோது, ஆழத்திலிருந்து வெந்நீர் அப்பிளவுகளின் வழியே மேலேறியது. இத்தகைய நீரின் வெப்பம் பொதுவாக 250 முதல் 400 பாகை செல்சியஸ் வரை இருக்கும். மிகுந்த அழுத்தத்தில் இருப்பதால் அது கொதித்து ஆவியாகிவிடுவதில்லை. அதில் கரைந்திருந்த பொட்டாசியம், பாறையின் ஹார்ன்பிளண்டைக் கரிய அப்பிரகமாக மாற்றியது. கரியமில வாயு கால்சியத்தோடு கூடிக் கால்சைட்டைத் தோற்றுவித்தது. பிளவின் இருமருங்கும் காணப்படும் இம்மாற்றம், சுரங்கப் பொறியாளருக்குத் தங்கம் அருகில் இருக்கக்கூடும் என்று உணர்த்தும் குறியாகும்.

தங்கம் நீரில் தானாகக் கரைவதன்று. கந்தகத்தோடு இணைந்தே அது பயணம் செய்தது. எரிமலைப் பாறையிலோ இரும்பு மிகுதி. இரும்பு கந்தகத்தைப் பற்றிக்கொண்டு சல்ஃபைடாக மாற, துணையிழந்த தங்கம் படிந்துவிட்டது. கோலாரின் மேற்குப் பகுதியில் சல்ஃபைடுகளோடு தங்கம் கிடைப்பதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது. கிழக்கிலுள்ள புகழ்பெற்ற சாம்பியன் படிவில் சல்ஃபைடு குறைவு. பிளவு திறந்து அழுத்தம் தாழ்ந்தமையால் குவார்ட்சும் தங்கமும் ஒருங்கே படிந்தன எனக் கருதலாம்.

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குப் பணி தொடங்கினர். 3 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழம் வரை சுரங்கம் சென்றது. ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பெற்றது. உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். தங்கத்தைத் தாங்கிய குவார்ட்சே அவர்களுக்குக் கேடாகவும் முடிந்தது. துளையிடும்போது எழும் சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கியது. 1940களில் 7,653 தொழிலாளரைச் சோதித்த ஆய்வில் 43.7 விழுக்காட்டினரிடம் அந்நோய் காணப்பட்டது. தங்கத்தின் மதிப்பைக் கணக்கிடும் ஏடுகளில் இந்த எண்ணிக்கைக்கு இடமிருப்பதில்லை.

ஆழம் மிக மிகச் செலவு பெருகியது. தாதுவிலிருந்த தங்கமோ டன்னுக்குச் சில கிராமாகக் குறைந்தது. 1972இல் அமைக்கப்பெற்ற பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை மூடியது. அரைத்துச் சயனைடால் தங்கம் பிரித்தபின் ஒதுக்கிய கோடிக்கணக்கான டன் கழிவு, நகரைச் சுற்றி மேடுகளாக நிற்கிறது. அதில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. அம்மேடுகளைத் தோண்டுகையில் எழும் தூளிலும் அதே சிலிக்காவே இருக்கும்.