வார்டிலிருந்து வீட்டுக்கு: மனநல, போதை மீட்பு சிகிச்சைக்குப் பின் முதல் 7 நாட்கள் ஏன் முக்கியம்?

“ஆளு இப்ப நல்லாத்தானுங்க இருக்காரு... இனி எதுக்குங்க ஆஸ்பத்திரி?”

மனநல வார்டிலிருந்தோ, போதை மீட்பு சிகிச்சை முடிந்தோ ஒருவர் வீடு திரும்பியதும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சகஜமாகக் கேட்கும் பேச்சு இது. ஆனால், அதிகக் கவனம் தேவைப்படும் காலமே அப்போதுதான் தொடங்குகிறது.

அப்படி என்ன ஆபத்து?

வார்டில் நேரத்துக்கு மாத்திரை கொடுக்க நர்ஸ் இருப்பார். வீட்டிலோ பழைய கடன், பழைய சண்டை, தெருமுனை டாஸ்மாக் எல்லாம் அப்படியே காத்திருக்கும். உலகம் முழுவதும் நடந்த 100 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான அலசல், மனநல சிகிச்சை முடிந்து திரும்பிய முதல் 3 மாதங்களில்தான் தற்கொலை விகிதம் மிக அதிகம் என்று காட்டியது.

ஹெராயின், போதைக்கான வலி மாத்திரைகளை நிறுத்தியவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சில வாரங்களிலேயே உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். ‘பழைய அளவுதானே’ என்று மறுபடி எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம்.

இதனால்தான் பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டுதல், டிஸ்சார்ஜ் ஆனவரை 7 நாட்களுக்குள் தொடர்புகொள்ளச் சொல்கிறது. தற்கொலை ஆபத்து இருந்தால் 48 மணி நேரத்துக்குள்.

பக்கத்து டாக்டர் எதற்கு?

ஓலான்சபின் போன்ற மாத்திரைகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடலாம். லித்தியம் எடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. குடியை விட்டவருக்கு கல்லீரல், பிபி இரண்டையும் கவனிக்க வேண்டும்.

எடை, பிபி, சர்க்கரை பார்க்க வால்பாறைக்காரர் 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி கோவை அரசு மருத்துவமனைக்கு வர வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையமே போதும். பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவருக்கு ஒரு நாள் கூலியும் மிச்சம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் வட்டார அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்பதையும் கேட்டு வையுங்கள்.

‘அங்க நர்ஸம்மா நம்ம ஊருங்க, வெளிய தெரிஞ்சிருமே’ என்ற தயக்கம் நியாயமானதுதான். அதற்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 மே 29 முதல் அமலில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017:

- பிரிவு 98: டிஸ்சார்ஜுக்கு முன், நோயாளியோடும் அவரைப் பார்த்துக்கொள்பவரோடும் பேசி, அடுத்த சிகிச்சைக்கான திட்டத்தை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும்.
- பிரிவு 23: நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும்.
- பிரிவு 18: அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய சுகாதார நிலையம் முதல் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இலவசம்.

வார்டை விட்டுக் கிளம்பும் முன்...

1. அடுத்த சந்திப்பு எந்தத் தேதி, யாரிடம்? 7 நாட்களுக்குள் தேதி கேளுங்கள்.
2. டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர், மருந்து, அளவு எல்லாம் இருக்கிறதா? போட்டோ எடுத்து போனில் வையுங்கள்.
3. மாத்திரை எத்தனை நாளைக்கு வரும்? தீர்வதற்கு முன்பே போய்விடுங்கள். ‘சரியாயிருச்சு’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.
4. டைசல்பிராம் கொடுத்திருந்தால், மது மட்டுமல்ல, ஆல்கஹால் கலந்த அரிஷ்டம், இருமல் மருந்தும் ஆகாது.
5. எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும்? தொடர்ந்து தூக்கமின்மை, சாப்பிட மறுப்பது, சாவு பற்றிய பேச்சு, வலிப்பு, குழப்பம் ஆகியவற்றைத் தள்ளிப்போடவே கூடாது.

ராத்திரி 2 மணிக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லையா? டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும் இலவசம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. உயிருக்கு ஆபத்து என்றால் நேராக 108.