படகில் போன மாமல்லபுரம்

ஆளரவமற்ற தீவுக்கு விடுமுறை போகிறவர்கள் முதலில் யோசிப்பது குடிதண்ணீர், சாப்பாடு, திரும்பி வரப் படகு. நூறு வருஷத்துக்கு முன் மாமல்லபுரம் போனவர்களும் இதைத்தான் யோசித்தார்கள். சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத ஊர்தான். ஆனால் கிழக்கே கடல், மேற்கே கால்வாயும் உப்பங்கழியும், நடுவே மணல். அரைத்தீவு என்றே சொல்லலாம்.

ரயிலில் செங்கல்பட்டில் இறங்கி, வண்டி பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போவது அப்போது ஒரு வழி. சுமார் 30 கி.மீ. உச்சிவேளைக்குத் திருக்கழுக்குன்றத்தில் மலையேறினால், பொங்கல் கொத்த வரும் கழுகுகளையும் பார்த்துவிடலாம். 1990களோடு அவை வருவது நின்றுபோனது.

இன்னொரு வழி பக்கிங்ஹாம் கால்வாய். 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்கள் வெட்டிய துண்டுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தது. பெயர் மட்டும் அப்போதைய கவர்னருடையது. சாயங்காலம் படகேறினால் இரவெல்லாம் பயணம். காற்றடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது ஆள் இறங்கிக் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுப்பார். அரிசி, பருப்பு, படுக்கை, விளக்கு எல்லாம் கூடவே வரும். போன இடத்தில் ஓட்டல் கிடையாது, சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். 1965, 66 புயல்களில் கால்வாய் சிதைந்தது. அதற்குள் லாரியும் பஸ்ஸும் வந்துவிட்டதால் யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது திட்டமே வேண்டாம். காலையில் தோன்றினால் மத்தியானம் மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவில் உங்களுக்கு மீன் பொரித்துக்கொண்டிருப்பார்கள். ஐஸ் மேல் அடுக்கியிருக்கும் வஞ்சிரத்தையும் இறாலையும் காட்டி, எடை போட்டு, விலை பேசி, மசாலா தடவச் சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். வழியில் உள்ள கோவளத்தில் மீனவப் பையன்கள் அலைச்சறுக்கு கற்றுத் தருகிறார்கள். தண்ணீர்கூடக் கடலிலிருந்தே வருகிறது. நெம்மேலியில் 2013ல் ஒன்று, 2024ல் இன்னொன்று என இரண்டு கடல்நீர் குடிநீராக்கும் நிலையங்கள் சென்னைக்குத் தண்ணீர் அனுப்புகின்றன.

திட்டம் வேண்டியது வேறு விஷயத்துக்கு. சனிக்கிழமை ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெரிசலில் சிக்கினால், கால்வாய்ப் படகே தேவலை என்று தோன்றும். கோவளம் தாண்டியதும் கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் நெடுக மதில்களும் ரிசார்ட் கேட்டுகளும். படகுக் காலத்தில் வந்து சேர்வது கஷ்டம். சேர்ந்துவிட்டால் கரை முழுக்க உங்களுடையது. இன்று வந்து சேர்வது சுலபம். மணலில் கால் வைக்கத்தான் அறை வாடகை கொடுக்க வேண்டும், அல்லது பட்டிபுலம், தேவனேரி மாதிரி மீனவக் குப்பத்துச் சந்துகளைத் தேட வேண்டும். இது எனக்கு முன்னேற்றமாகப் படவில்லை.

அவசரத்தில் பலரும் தவறவிடுவது வழியில் உள்ள சாளுவன்குப்பம். 2004 டிசம்பர் 26 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனதில் அங்கே ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்ட, அடியில் பழைய செங்கல் முருகன் கோயில் கிடைத்தது. புலிக்குகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடற்கரைக் கோயிலில் நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே இருக்காது.

மாறாதது கடல் ஒன்றுதான். கடற்கரைக் கோயில் பக்கம் குளிக்க இறங்கி உயிரை விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உடையும் அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், பழகாதவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்ப உள்ளே ஓடும் இடம் பெரும்பாலும் அதுதான். அந்த இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தி இழுப்பை விட்டு விலகி, பிறகு திரும்ப வேண்டும்.

குழந்தைகளோடு போகிறவர்கள், 2021ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரைக்குப் போங்கள். வார நாளில், ஜனவரி முதல் மார்ச்சுக்குள் என்றால் நல்லது. எங்கே இறங்குவதானாலும், வலை காயப்போட்டுக்கொண்டிருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.